இரண்டு பக்கமும் தீட்டிய உளி

இழைப்புளியில் மாட்டுகிற தகடு செல்வகுமாரியின் முன்கை மயிரைச் சிரைத்தது. மரத்தை மட்டும் சிரைக்க மாட்டேன் என்றது.

அவள் இன்னொரு முறை கையைத் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டுக்கு மேலே தீப்பெட்டி அகலத்துக்கு மொழுமொழுவென்று இருந்தது. பாகூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போகிற பெண்களில் அவள் கத்திக்கென்று ஒரு பேர் உண்டு. மேஸ்திரி தங்கவேலே தன் கத்தியை அவளிடம் நீட்டி, "ரெண்டு இழுப்பு இழுத்துக் குடு மே" என்பார். அப்பேர்ப்பட்ட கை தீட்டிய தகடு இது. அதை மாட்டிப் பலகைமேல் தள்ளினால், முதல் தள்ளலுக்கு ஒரு சுருள் வந்தது. இரண்டாவதுக்கு அரைச் சுருள். மூன்றாவதுக்கு இழைப்புளி அப்படியே நின்றுகொண்டது. கழற்றிப் பார்த்தாள். வெட்டுகிற தகட்டுக்கும் அதன்மேல் படுத்திருக்கிற மூடித் தகட்டுக்கும் நடுவில் மரச்சுருள் நுழைந்து கசங்கி அடைத்துக்கொண்டிருந்தது. ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு மறுபடியும் தள்ளினாள். மறுபடியும் அதே கதைதான்.

உளியோ அதற்குமேல். பென்சில் கோட்டில் வைத்துச் சுத்தியால் தட்டினால், கோட்டை விட்டு அதன்பாட்டுக்கு ஒரு பக்கமாக ஓடியது. கூராக இல்லை என்றால் தீட்டலாம். கூராக இருக்கிற சாமான் வேலை செய்யாவிட்டால் மனுஷி என்னதான் செய்வாள்? செல்வகுமாரிக்குத் தலை சுற்றியது. அக்னி நட்சத்திர வெயில் வேறு கூரைத் தகரத்தில் இறங்கி வீட்டை அவித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, ஆச்சா?" என்றாள் வெண்ணிலா.

பாயில் பக்கவாட்டில் படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வயது முடிந்துவிட்டது. பிறந்தபோது அழாத பிள்ளை. தலை நிற்க மூன்று வருஷம் ஆனது, பேச்சு வர ஐந்து. பேச்சு மெதுவாகத்தான் வரும். ஆனால் புத்தி கற்பூரம். இடுப்புதான் நிற்காது. உட்கார வைத்தால் இடது பக்கமாகச் சரிந்து, சரிந்து, கடைசியில் பாயில் வந்து சேர்ந்துவிடுவாள்.

"ஆவல டி. இது இன்னாமோ பண்ணுது."

"இன்னா பண்ணுது?"

"அதான் தெரியலன்றன்."

தெருக்கோடியில்தான் பள்ளிக்கூடம். மணி அடித்தால் வீட்டுக்குள் கேட்கும். போன வருஷம் இரண்டு வாரம் போனாள். கீழே பாய் போட்டு உட்கார வைத்தார்கள், சரிந்தாள். பெஞ்சில் வைத்தார்கள், விழுந்தாள். வகுப்பு டீச்சர் நல்லவள்தான். ஒரு கையால் வெண்ணிலாவைப் பிடித்துக்கொண்டே மறு கையால் பலகையில் எழுதினாள். எத்தனை நாளைக்கு முடியும்? பெரிய டீச்சர் செல்வகுமாரியைக் கூப்பிட்டு, "புள்ளைக்கு அறிவு இருக்கும்மா, அதுல சந்தேகமே இல்ல. ஆனா உக்கார ஒரு வழி பண்ணிக் கூட்டிக்கிட்டு வாங்க. ஜூன்ல திறக்கிற அன்னிக்கு அரை மணி நேரம் தானா உக்காந்துட்டான்னா சேத்துக்கிறேன். இல்லன்னா வீட்டுப் பட்டியல்ல பேரை மாத்திடுவேன். வாரத்துக்கு ஒரு நாள் டீச்சர் வீட்டுக்கே வந்து சொல்லிக் குடுப்பாங்க" என்றாள்.

வாரத்துக்கு ஒரு நாள். வெண்ணிலாவோ பள்ளி நடந்த நாளெல்லாம் காலையில் மணிச் சத்தம் கேட்டதும், "அட்ச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வையைப் பார்த்துக்கொண்டு கூழ் கரைக்க முடியாது செல்வகுமாரியால்.

மாற்றுத்திறனாளிகள் முகாமில் ஒரு சக்கர நாற்காலி கொடுத்தார்கள். அதில் இவளைப் போல இரண்டு பேர் உட்காரலாம், அவ்வளவு பெரிசு. அங்கே பிள்ளைகளுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கிற சுகன்யா மேடம்தான் கடைசியில் ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தாள். இரண்டு பக்கமும் இடுப்பை அணைக்கிற பலகை, கொஞ்சம் பின்னால் சாய்ந்த முதுகுப் பலகை, தொடை நடுவில் ஒரு கட்டை, முன்னால் கை வைத்துக்கொள்ள ஒரு தட்டு. எல்லாவற்றுக்கும் அளவு. "எந்தத் தச்சர்கிட்ட காட்டினாலும் செஞ்சிடுவாங்க" என்றாள்.

எந்தத் தச்சரும் செய்யவில்லை. மெயின் ரோட்டில் மெஷின் பட்டறை வைத்திருக்கிற ஆண்டனி படத்தைப் பார்த்து, "மண்டபத்துக்கு இருவத்தி மூணு கதவு ஒத்துக்கினு இருக்கன்மா. ஆவணிக்கு அப்பால வா, செஞ்சி தரன்" என்றார். ஆவணிக்குப் பிறகு நாற்காலியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

புருஷன் கலைவேந்தன் திருபுவனையில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றி இறக்குகிறவன். மெஷின் வந்து இறங்குகிற பெட்டிகளுக்கு அடியில் இருக்கிற கட்டைப் பலகைகளைக் கேட்டு வாங்கி, நாலு நாலாக வண்டியில் கட்டிக்கொண்டு வந்தான். வெளுத்த மரம். மூக்கில் வைத்தால் லேசாகக் கற்பூர வாசனை அடித்தது. ஞாயிற்றுக்கிழமை பாண்டிக்குப் போய் நடைபாதைக் கடையில் ரம்பம், இழைப்புளி, இரண்டு உளி, ஒரு சுத்தி வாங்கினான். மொத்தமும் செல்வகுமாரி இரண்டு நாள் கரும்பு வெட்டுகிற கூலிக்குள் அடங்கிவிட்டது. அன்றைக்கு இரண்டு பேருக்கும் அது பெரிய சாமர்த்தியமாகப் பட்டது.

அவன்தான் முதலில் செய்தான். இழைப்புளி மரத்தைக் கடித்துக் கடித்துத் துப்பியது. எரிச்சலில் அதை ஓரமாக வைத்துவிட்டு, ரம்பத்தால் அறுத்த பலகையை அறுத்த மேனிக்கே ஆணி அடித்துச் சேர்த்து, மேலே ஒரு பழைய சேலையைப் போட்டு வெண்ணிலாவை உட்கார வைத்தான். பத்து நிமிஷம் உட்கார்ந்தாள். பிறகு அழுதாள். சேலையைத் தாண்டித் தொடையில் இரண்டு சிலாம்பு ஏறியிருந்தது. ஒன்றை எடுத்துவிட்டார்கள். மற்றது உள்ளேயே முறிந்து, சீழ் வைத்து, ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் கலைவேந்தன் சாமான்களை எல்லாம் வாரிக் குளிக்கிற தட்டிக்குப் பின்னால் வீசினான்.

"மலிவா வாங்குனா இப்டித்தான். மட்ட சாமான வெச்சிக்கினு புள்ளைய குத்திப்புட்டன்."

"சாமான் இன்னா பண்ணும்? நீங்க இழைக்காம வெச்சிட்டீங்க."

"இழைக்க வந்தா இழைக்க மாட்டனா? எனுக்கு மட்டும் ஆசையா? வுடு மே. இந்த வருசம் வூட்டு லிஸ்ட்லயே இருக்கட்டும். அடுத்த வருசம் பாப்போம்."

மறுநாள் அவன் ஷிப்டுக்குப் போனதும் செல்வகுமாரி தட்டிக்குப் பின்னால் போய்ச் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். இழைப்புளியைக் கழற்றித் தகட்டை விரல் நகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு போனது. சிரிப்பு வந்தது அவளுக்கு. புதுத் தகட்டுக்கு இன்னும் கூர் வாயே திறக்கவில்லை. உளியும் அப்படியேதான். இதைக் கொண்டு மரம் இழைக்கப் பார்த்திருக்கிறான் மனுஷன். கடையில் வாங்கிய கத்தியை அரம் போடாமல் கரும்பங்கொல்லைக்கு எடுத்துக்கொண்டு போகிறவன் உண்டா?

இரும்புக் கூர் அவளுக்குத் தெரிந்த விஷயம். அரத்தை எடுத்தாள். கரும்புக் கத்திக்கு எப்படியோ அப்படி, இந்தப் பக்கம் நாலு இழுப்பு, அந்தப் பக்கம் நாலு இழுப்பு, சமமாக, ஏற்றத்தாழ்வு இல்லாமல். பிறகு கல்லில் தேய்ப்பு. இரண்டு மத்தியானம் ஆனது. மயிரைச் சிரைத்தது. தன்மேலேயே அவளுக்கு ஒரு மரியாதை வந்தது.

இப்போது அந்த மரியாதைதான் பலகைமேல் அடைத்துக்கொண்டு நிற்கிறது.

பதினோரு மணிக்குத் தங்கவேல் வந்தார். நெட்டப்பாக்கம் பக்கம் கடைசியாக ஒரு கொல்லை வெட்டு இருக்கிறது, வருகிறாயா என்று கேட்க வந்தவர், வாசலில் கிடந்த பலகையைக் காலால் புரட்டினார்.

"இன்னா மரம் மே இது?"

"கம்பெனி கட்டை."

"அதான் சொல்றன். வெளிநாட்டு மரம். இது நம்ம ஊரு இரும்புக்கு மசியாது. வேப்பம் பலகையா பாத்து எடு."

"அது இதவிட கெட்டி ஆச்சே மாமா."

"கெட்டின்னாலும் நம்ம மரம் இல்ல?"

சொல்லிவிட்டு ஒரு சொம்பு கூழ் குடித்தார். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே போய்விட்டார். செல்வகுமாரி அவர் சொன்னதை நம்பவில்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. ஒருவேளை மரம்தானோ?

மத்தியானம் வெண்ணிலாவைப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாக்காவிடம் விட்டுவிட்டு, சாமானைப் பையில் போட்டுக்கொண்டு ஆண்டனி பட்டறைக்கு நடந்தாள். மெஷின் சத்தத்தில் இரண்டு தரம் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. ஆண்டனி காதில் போனை வைத்துக்கொண்டே பைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே கை விடவில்லை.

"சண்டே மார்க்கெட்டா?"

"ஆமாண்ணா."

"தூக்கிப் போடு. அதுல இருக்கிறது இரும்பே இல்ல. தகரத்துக்குப் பெயிண்ட் அட்ச்சி விக்கிறானுங்கோ."

"மயிரு செரைக்கிது ணா."

"செரைக்கட்டும். நாளைக்கு செரைக்காது, பாரு."

திரும்பி நடக்கும்போது தார் ரோடு செருப்பில் ஒட்டியது. கோபமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. மரம் என்கிறார் ஒருவர். இரும்பு என்கிறார் இன்னொருவர். சாயங்காலம் வந்ததும் கலைவேந்தன் மூன்றாவதாக ஒன்று சொன்னான்.

"கை பழகல உனுக்கு. தச்சு வேல இன்னா கரும்பு வெட்டறதா?"

"அப்ப எதுதான்யா கொறை? மரமா, இரும்பா, என் கையா? ஒருத்தரு ஒண்ணு சொல்லுங்களேன்."

அவனுக்கும் தெரியவில்லை. கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டான். பள்ளி திறக்கப் பதினோரு நாள் இருந்தது.

மறுநாள் ஸ்டெல்லாக்கா தன் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். தையல் மெஷின் வைத்திருக்கிறவள். மாதா கோயில் திருவிழாவுக்கு வில்லியனூர் போகிற பாதி ஊர்ப் பெண்களுக்கு அவள்தான் ஜாக்கெட் தைப்பாள். இதில் ஒருத்தன் இழைப்புளி வேலை காட்டுகிறான், பார் என்று வைத்தாள். அவன் இந்தியில் பேசிக்கொண்டே போனான். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. அவன் இழைப்புளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் அடிப்பக்கம் முழுக்கப் பென்சிலால் கோடு கோடாகப் போட்டான்.

"இன்னாத்துக்கு அடியில எழுதறான்?" என்றாள் செல்வகுமாரி.

"பூசை பண்றானோ இன்னாமோ."

"அப்பால உப்புத்தாள்ல வெச்சி தேய்க்கிறான் பாருக்கா. எழுதறதுக்கு எழுதிட்டு அழிக்கிறான்."

"வேல இல்லாதவன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். வெண்ணிலாவும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் செல்வகுமாரிக்குச் சிரித்து முடித்ததும் குழப்பம் இன்னும் ஒரு படி ஏறியது. எழுதி அழிக்கிறவனுடைய இழைப்புளி பட்டுத்துணி மாதிரிச் சுருளை உரித்துத் தள்ளுகிறது. தன்னுடையது இருமுகிறது.

"வுடு. உன் அரம் சும்மாதான இருக்குது, என் கத்திரிக்கோல கொஞ்சம் பாரு. மொக்கையா போச்சி" என்று ஸ்டெல்லாக்கா இடுப்பிலிருந்து கத்திரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள்.

செல்வகுமாரி அதை அகல விரித்தாள். ஒரு அலகை முட்டியில் சாய்த்து வெளிப்பக்கம் நாலு இழுப்பு இழுத்தாள். பிறகு பழக்கதோஷத்தில் திருப்பி உள்பக்கத்தில் அரத்தை வைத்தாள். ஸ்டெல்லாக்கா பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய், உள்பக்கம் தொடாத. தொட்டா செத்துச்சி கத்திரி."

"ஏன்? ரெண்டு பக்கமும் தீட்டுனாதான கூரு?"

"உன் கரும்புக் கத்திக்கு அப்டி. இதுக்கு உள்பக்கம் தட்டையா இருக்கணும். ரெண்டு அலகும் ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டிக்கினு போவணும் இல்ல? உள்ள அரம் பட்டுச்சின்னா நடுவுல சந்து வுழுந்துடும். அப்பால இன்னாதான் கூரா இருந்தாலும் துணி அந்த சந்துல பூந்து மடிஞ்சிக்கும், வெட்டாது. ஒருதரம் அப்டித்தான் என் நல்ல கத்திரி ஒண்ணு போச்சி."

செல்வகுமாரி அரத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னாடி?"

"பூந்து மடிஞ்சிக்குமா?"

"ஆமாம்."

அவள் எழுந்து போய் இழைப்புளித் தகட்டையும் மூடித் தகட்டையும் எடுத்து வந்தாள். ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். நுனியில், அவள் மேல்பக்கம் அரம் போட்டுச் சரித்திருந்த இடத்தில், மூடி ஒட்டவில்லை. மயிரிழைக்கு வெளிச்சம் தெரிந்தது. உளியை எடுத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் சரிவும் ஒரு பக்கம் தட்டையுமாக வந்த சாமான். அந்தத் தட்டையைத்தான் அவள் சமமாக இருக்கட்டும் என்று சரித்துவைத்திருந்தாள். தட்டைப்பக்கம் மரத்தை ஒட்டிக்கொண்டு போனால்தானே நேராகப் போகும். இரண்டு பக்கமும் சரிவென்றால் அது எந்தப் பக்கமென்று கண்டது?

"மரமும் இல்ல, இரும்பும் இல்லக்கா. நான்தான்."

"நீ இன்னா பண்ண?"

"நல்லா பண்ணன். அதான் கொறை."

தெரிந்துபோனது சந்தோஷம்தான். ஆனால் இரண்டு மத்தியானம் உட்கார்ந்து தீட்டி ஏற்றிய கூர்மையை அவளே முறிக்க வேண்டும். நுனியை நேர்ச் செங்குத்தாக அரத்தில் வைத்து, சரித்த அளவு போகும்வரை தேய்த்துத் தள்ளினாள். கூர் மழுங்கி மழுங்கிக் கட்டையாக நின்றது. கரும்புக் கத்திக்கு இப்படி ஒருத்தி செய்தால் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு விஷயத்தில் ஆண்டனி சொன்னது சரி, இரும்பு இளசுதான். இளசாக இருந்ததால்தான் அரத்துக்கு மசிந்தது. நல்ல கெட்டி இரும்பாக இருந்திருந்தால் அரம்தான் தேய்ந்திருக்கும்.

தட்டைப்பக்கத்தைத் தட்டையாகவே தேய்க்கத் தட்டையான ஒன்று வேண்டும். வீட்டில் அப்படி இருந்தது அடுப்பு வைத்திருந்த கடப்பாக்கல் மட்டும்தான். கேஸ் அடுப்பைக் கீழே இறக்கிவிட்டுக் கல்லைக் கழுவித் துடைத்து, அதன்மேல் உப்புத்தாளை ஒட்டினாள். ஐந்து நாள் வீட்டில் சமையல் வெளியே மூன்று கல் வைத்துத்தான். கலைவேந்தன் முதல்நாள் முணுமுணுத்தான். இரண்டாம் நாள் எந்த நம்பர் உப்புத்தாள் என்று கேட்டான். மூன்றாம் நாள் அவனே வரும்வழியில் நைசு நம்பரில் நாலு தாள் வாங்கிவந்தான்.

தகட்டின் முதுகை, அந்தத் தட்டைப்பக்கத்தை, தாளில் படுக்க வைத்து, இரண்டு விரலால் அழுத்தி, தண்ணீர் தெளித்துத் தேய்த்தாள். விரல் நுனி ரேகை போயிற்று. வெண்ணிலா பாயிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நூறுவரை தெரியும். நூறு முடிந்ததும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். சரிவு இனி ஒரு பக்கத்தில் மட்டும்தான். முதுகில் தேய்க்கும்போது தூக்கக் கூடாது, படுத்தபடியே போய்ப் படுத்தபடியே வர வேண்டும். கை அடிக்கடி மறந்துபோய் இருபது வருஷப் பழக்கத்தில் தூக்கப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் அதை அதட்டிக் கீழே வைத்தாள்.

அதற்குப் பிறகும் இழைப்புளி பலகையின் நடுவில் தொடாமல் இரண்டு ஓரத்தில் மட்டும் சீவியது. ஒரு நாள் முழுக்க அதற்கு என்ன காரணமென்று விளங்காமல் திண்டாடினாள். மறுநாள் காலை பல் தேய்க்கும்போதுதான் அந்த இந்திக்காரன் ஞாபகம் வந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடிப்போய் இழைப்புளியைக் கவிழ்த்தாள். அடியில் பென்சிலால் கோடு கோடாகப் போட்டு உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்துத் திருப்பிப் பார்த்தாள். முன்னாலும் பின்னாலும் கோடு அழிந்திருந்தது, நடுவில், தகடு எட்டிப் பார்க்கிற வாய்ப்பக்கம், கோடு அப்படியே இருந்தது. நடுவில் பள்ளம். எல்லாக் கோடும் அழிகிறவரை தேய்த்தால் அடி சமமாகிவிட்டதென்று அர்த்தம்.

"ஸ்டெல்லாக்கா," என்று வேலிக்கு இந்தப்பக்கமிருந்து கூப்பிட்டாள், "அவன் பூசை பண்ணலக்கா."

அன்றைக்கு மத்தியானம் இழைப்புளி முதல்முறையாகப் பேசாமல் போனது. பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே சுருள், வெங்காயத் தோல் கனத்துக்கு. அதை எடுத்து வெண்ணிலாவின் மூக்கின்மேல் போட்டாள். வெண்ணிலா ஊதினாள். செல்வகுமாரிக்கு நெஞ்சு நிறைந்து போனது. நல்லவேளை, பார்க்க வேறு யாரும் இல்லை.

இருபது தள்ளலுக்கு ஒருமுறை கூர் போய்விடும். இளசு இரும்பு. கழற்றி, கடப்பாக்கல்லில் பத்துத் தேய், மறுபடி மாட்டு. வாரலீவில் இருந்த கலைவேந்தன் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"பாத்தியா, நிக்க மாட்டுது. மட்ட சாமான்தான."

"கொல்லையில நாலு கட்டுக்கு ஒருதரம் அரம் போடறன். அதுக்காவ என் கத்திய மட்டம்ன்றீங்களா?"

"அது வேற."

"இன்னா வேற? தீட்ட சோம்பப்படறவனுக்குத்தான் ஒசந்த சாமான் வோணும். எனுக்கு இது போதும். அந்தப் பக்கம் புடிங்க."

பிடித்தான். அதற்குப் பிறகு அறுக்கிறதெல்லாம் அவன், இழைக்கிறதும் உளி பிடிக்கிறதும் அவள். பக்கப் பலகையில் உட்காரும் பலகை நுழைகிற பள்ளத்தை உளியால் வெட்டினாள். தட்டைப்பக்கம் கோட்டை அணைத்துக்கொள்ள, உளி சொன்ன இடத்தில் இறங்கியது. நடுவில் ஒரு சாயங்காலம் பாகூர் ஏரிப் பக்கமிருந்து கருத்துக்கொண்டு வந்து கோடை மழை கொட்டியது. பலகைகளை வாரி உள்ளே போடுவதற்குள் பாதி நனைந்து, ஊதி, பள்ளத்தில் நுழைய மாட்டேன் என்றன. இரண்டு நாள் காயவிட்டு மறுபடி ஒரு சீவு சீவினாள். பள்ளி திறக்க மூன்று நாள் இருந்தது.

திருகாணி போட்டுப் பூட்டியதும் நாற்காலியைச் சுவரோரமாக வைத்து வெண்ணிலாவைத் தூக்கி உட்கார வைத்தார்கள். செல்வகுமாரி முன்னால் மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள், சரிந்தால் பிடிக்க. வெண்ணிலா இடதுபக்கம் சாய்ந்தாள். பக்கப் பலகை அவளை வாங்கி நிறுத்தியது.

"குத்துதா டி?"

"இல்ல."

"நெசமா? தொட கிட்ட?"

"இல்லம்மா. கைய எடு."

கலைவேந்தன் உட்காரும் பலகையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனான். ஒரு தரம் இல்லை, நாலைந்து தரம். பிறகு எழுந்து வெளியே போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தான். அது துடைத்த வண்டிதான்.

பள்ளி திறக்கிற அன்றைக்கு அவன் ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாகச் சொல்லியிருந்தான். நாற்காலியை அவன் தலையில் தூக்கிக்கொண்டான். வெண்ணிலா அம்மா இடுப்பில். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். செல்வகுமாரிக்கு வேறு யோசனை. வீட்டில் உட்கார்ந்தாள் சரி, அங்கே போய்ப் பயத்தில் விறைத்துக்கொண்டால் என்ன செய்வது? அரை மணி என்றால் எவ்வளவு நேரம்?

பெரிய டீச்சர் நாற்காலியைக் குனிந்து பார்த்தாள். தட்டின் அடியில் கையை விட்டுத் தடவினாள்.

"எங்க வாங்கினீங்க?"

"செஞ்சது" என்றான் கலைவேந்தன். பிறகு, "இவதான் டீச்சர். நான் வெறும் புடிச்சிக்கினன்" என்றான்.

பெரிய டீச்சர் செல்வகுமாரியைப் பார்த்துவிட்டு, சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்காலியை இரண்டாம் வரிசை ஓரத்தில் போட்டார்கள். வெண்ணிலாவை உட்கார வைத்து, தட்டை மாட்டி, செல்வகுமாரி கையை எடுத்தாள். எடுக்க வேண்டியிருந்தது. டீச்சர் வெளியே போகச் சொன்னாள்.

கலைவேந்தன் கேட் வரைக்கும் போய், திரும்பி வந்து, மறுபடி கேட் வரைக்கும் போய், கடைசியில் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டான். செல்வகுமாரி வேப்ப மரத்தடியில் நின்றாள். கை இரண்டையும் எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. பிறகு பேர் கூப்பிடுகிற சத்தம். ஒவ்வொரு பேராக வந்தது. வெண்ணிலா என்றதும் கொஞ்சம் இடைவெளி விழுந்தது. பிறகு இழுத்து இழுத்து அந்தக் குரல், "உள்ளேன் டீச்சர்" என்றது.

அரை மணி எப்போதோ தாண்டிவிட்டது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பொறுக்க முடியாமல் கட்டடத்தின் பின்னால் சுற்றிக்கொண்டு போனாள். பின்பக்க ஜன்னல் உயரம். அங்கே கிடந்த செங்கல் ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

வரிசையாகப் பிள்ளைகளின் முதுகுகள் தெரிந்தன. அதில் ஒரு முதுகு மற்றவர்கள் முதுகைப் போலவே நிமிர்ந்திருந்தது. தோளுக்கு மேலே கழுத்து, கழுத்துக்கு மேலே தலை, இரண்டு ஜடை, சிவப்பு ரிப்பன். பெற்று, ஏழு வருஷம் இடுப்பில் வைத்துச் சுமந்த பிள்ளையை இப்படிப் பின்னாலிருந்து செல்வகுமாரி பார்த்ததே இல்லை. மடியில் கிடத்தித்தான் இத்தனை வருஷமும் தலை வாரினாள். இன்று காலையும் அப்படித்தான்.

மதியச் சோறு பொங்குகிற வேலம்மாள் அரிசி களைந்த தண்ணீரை ஊற்ற அந்தப் பக்கம் வந்தவள், செங்கல்மேல் நின்று தோள் குலுங்க அழுகிறவளைப் பார்த்துப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"எம்மே, இன்னா ஆச்சி? புள்ள வுழுந்துட்டாளா?"

செல்வகுமாரி இல்லை என்று தலையை ஆட்டினாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஜன்னலுக்குள் பார்த்தாள்.

"வகுடு கோணலா எடுத்துட்டன்க்கா. நாளைக்கு நேரா எடுக்கணும்."